மிளகுக் கொடிக்குப் போன மண்

கண்டிக்கு அருகே கலகெதரையில் பலசரக்குக் கடை வைத்திருந்த லாபிருக்கு, கடைக்குப் பின்னாலிருந்த மலைச்சரிவும் அதிலொரு கற்குகையும் சொந்தம். மிளகுக் கொடிகளுக்கு எருவாக வௌவால் எச்சம் அள்ளப் போனவர், குகை மண் அடுக்கடுக்காக நிறம் மாறுவதைக் கவனித்தார். கரிய அடுக்குகளில் சாம்பல், கூரிய கற்சில்லுகள், ஈரக்காட்டில் மட்டும் வாழும் பெரிய நத்தைகளின் ஓடுகள். அவற்றுக்கு நடுவே மஞ்சள் மணல். அதில் மனிதச் சுவடே இல்லை. மழை பொய்த்துக் காடு காய்ந்த காலத்தில் ஆதி மனிதர்கள் குகையை விட்டுப் போயிருக்கிறார்கள். மழை திரும்பியதும் வந்திருக்கிறார்கள். இதை அவராகவே கண்டுகொள்ள நான்கு வருடம் பிடித்தது.

கண்டியில் விஞ்ஞானம் படிப்பித்த வீரசிங்கம் மாஸ்டரிடம் அதைச் சொன்னார். மாஸ்டர் இரண்டு விடுமுறை குகையிலேயே கிடந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். 1934இல் அது ஆங்கிலப் பத்திரிகையில் மாஸ்டரின் கண்டுபிடிப்பாக வந்தது. லாபிருக்குக் கிடைத்தது ஒரே வரி: ‘கூடை சுமந்த கடைக்காரர்.’

கடைக்கு வந்த ஒருவர் அதை வாசித்துக் காட்டினார்; லாபிர் சரக்கு நிறுப்பதைத் தொடர்ந்தார். குகையைப் பார்க்கக் கொழும்பிலிருந்து அறிஞர்கள் வருவதாக மாஸ்டர் கடிதம் போட்டதும் மண்வெட்டியை எடுத்தார்.

“மண்ணு என்ன குத்தம் செஞ்சிச்சு?” என்று மனைவி சித்தி றலியா மறித்தாள்.

“அந்தாளுக்கு இருக்கிற சாட்சி அது ஒண்டுதான்.”

பாறை தெரியும்வரை ஐந்து நாள் வெட்டினார். கறுப்பும் மஞ்சளும் ஒன்றாய்க் கலந்து மிளகுக் கொடிகளின் அடியில் விழுந்தன. கை கொப்புளித்தது; நிறுத்தவில்லை.

வந்தவர்கள் வெறும் பாறையைப் பார்த்தார்கள். மாஸ்டரின் முகம் வெளிறியது.

“என்ன ஐயா செய்து வைச்சிருக்கிறீர்?”

“நான் கூடை சுமக்கிறவன் மாஸ்டர். சுமந்தேன்.”

வந்தவர்களில் ஒருவர் கொடியடியிலிருந்து நத்தை ஓடொன்றை எடுத்து, எந்த அடுக்கில் கிடந்தது என்று கேட்டார். மாஸ்டர் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார்; ஓட்டைப் பார்த்து அடுக்கை அறியும் குறிப்பு எதுவும் அதில் இல்லை. அவர்கள் லாபிரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓட்டின் விளிம்பைக் கண்டதுமே லாபிருக்குத் தெரிந்துவிட்டது: அது அடியிலிருந்து இரண்டாவது கரிய அடுக்கு. நாக்கு நுனிவரை வந்தது.

“எனக்கென்ன தெரியும், தொரே?” என்றார்.

ஆதாரமில்லாத கட்டுரை என்று அடுத்த மாதமே பத்திரிகையில் எழுதினார்கள். மாஸ்டர் வேலையை விட்டு யாழ்ப்பாணம் போனார். செய்தியைக் கேட்ட அன்று லாபிர் இரண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சித்தி றலியா பரிமாறினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.