ஜானவியின் முறை

ஷில்பா பேசி முடித்ததும் கோமதிநாயகம் எழுந்து பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்ற ஆரம்பித்தார். அனீஷ் பழம்பொரிப் பொட்டலத்தைப் பிரித்தான். தன் முறையைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்று ஜானவிக்கு அப்போதுதான் உறைத்தது.

தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஆரியசாலைக் கடைத்தெருவில் கோமதிநாயகத்தின் பெயிண்ட் கடைக்கு மேலே இருந்த அறை அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேரும் அங்கே கூடுவார்கள். வருஷக்கணக்கான பழக்கம். இப்போது எந்த ராக் ஆல்பத்தில் கிறங்கிக் கிடக்கிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், ஒரு பாட்டாவது போட்டுக் காட்ட வேண்டும், மற்றவர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிடலாம். தாட்சண்யம் பார்க்கிற வழக்கமே கிடையாது. அனீஷ் தலையில் வைத்துக் கொண்டாடிய ஒரு ஆல்பத்தை, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கிறது என்று ஜானவி சொல்லப்போய், அவன் இரண்டு வாரம் வராமல் இருந்ததுண்டு.

போன மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் அவள் காதுகளைக் கொண்டுபோயிற்று. தாழ்ந்த ஒலிகள் மட்டும் கொஞ்சம் மிச்சம். காய்ச்சல்தான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொன்னார். ஆனாலும் நாகர்கோவிலிலிருந்து பார்க்க வந்த சொந்தக்காரர்கள், அந்தப் பேய்க்கூச்சல் பாட்டைக் கேட்டால் வேறென்ன ஆகும் என்று அம்மாவிடம் சொல்லி, ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். இங்கே இவர்கள் காட்டுகிற கரிசனத்தைத்தான் தாங்க முடியவில்லை. காது மெஷினோடு அவள் வரத் தொடங்கியதிலிருந்து யாரும் அவளிடம் சண்டை போடுவதில்லை. இருக்கிறதில் நல்ல நாற்காலி அவளுக்கு. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்களைப் போல உதட்டை அகல விரித்துப் பேசுகிறார்கள்.

"எனக்க முறை எங்க அண்ணாச்சி?" என்றாள். சத்தம் கூடிப்போயிருக்க வேண்டும். அவர் கையில் டீ தளும்பியது.

"ஒனக்குச் செரமம் வேண்டாம்னுதான் மக்களே..."

"செரமமா இல்லியாங்குறத நான் சொல்லுகேன்."

அவளுடைய ஆல்பத்தில் இரண்டே பேர். ஒருவன் பேஸ் கிட்டார், ஒருத்தி டிரம்ஸ். பாடுகிறவர் யாருமில்லை. தனக்கு இன்னும் எட்டக்கூடியது எது என்று தேடித் தேடி, காது போன பிறகு அவள் கண்டுபிடித்தது. வீட்டில் ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள். ஒவ்வொரு அடியும் எலும்பில் ஏறும். இவர்கள் இதைக் கேட்டு என்ன சொல்வார்கள், எங்கே குறை கண்டுபிடிப்பார்கள் என்று ஒரு வாரமாக யோசித்து, பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள்.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து தொங்கிய வயரை எடுத்துப் போனில் செருகி, பாட்டைத் தட்டினாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

திரையில் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. காது மெஷினுக்குள் மின்விசிறியின் கரகரப்பு மட்டும். சத்தத்தைக் கூட்டினாள். அப்போதும் ஒன்றுமில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அனீஷ் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தான். கோமதிநாயகத்தின் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. ஷில்பா புன்னகையோடு லேசாக அசைந்தாள்.

அப்படியென்றால் பாட்டு ஓடுகிறது. எனக்குத்தான் கேட்கவில்லை. காலை வரை இருந்ததே. பேஸ் எட்டுகிற அந்தக் கொஞ்சமும் போய்விட்டதா? அதிர்வாவது தெரியாதா என்று ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சுவரைத் தொட்டது போல இருந்தது. பிறகுதான் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தாள். ஷில்பா தன் போனிலிருந்து போடுவதற்காகப் புளூடூத்துக்குத் திருப்பிய குமிழ், திருப்பின இடத்திலேயே நின்றது.

வயரில் வந்த பாட்டு ஸ்பீக்கருக்குப் போகவே இல்லை; யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது.

அனீஷ் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினான். "அடிபொளி சேச்சி."

"எது அடிபொளி? பேஸ் எப்பிடி இருந்து? சொல்லுடே."

அனீஷ் கட்டைவிரலை மடக்கினான்.

"சேச்சிக்கு சங்கடம் ஆகண்டான்னு..."

"இருந்த கொஞ்சமும் போச்சுன்னு நெனச்சேன். நீங்க தலையாட்டுனதப் பாத்து நெனச்சேன். ஒரு வார்த்தை, சத்தம் வரல்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

ஷில்பா அருகில் வந்து அவள் தோளைத் தொட்டாள். "ஜானு, நான் சொல்லத்தான் வந்தேன். அண்ணாச்சி கண்ணக் காட்டினாரு."

"காலேஜ்ல நான் தந்த சிடிய நல்லால்லன்னு ஜன்னல் வழியா எறிஞ்சவ நீ. அன்னைக்குத்தான் நீ எனக்கு ஃப்ரெண்டாக்கும்."

கோமதிநாயகம் குமிழைத் திருப்பினார். "போட்டும் மக்களே. இப்பப் போடு, கேப்போம்."

ஜானவி போனை வயரிலிருந்து பிடுங்கினாள். "ஒங்களுக்குக் கேக்காது அண்ணாச்சி" என்றாள். மரப்படியில் இறங்கும்போதே இரண்டு மெஷின்களையும் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. இடம் வலம் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள். வெங்காயச் சாக்கு ஏற்றிய பெட்டி ஆட்டோ ஒன்று ஒரு முழத் தூரத்தில் சறுக்கி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். ஒரு எழுத்துகூட அவளுக்கு எட்டவில்லை. உதட்டை விரித்தோ நிதானமாகவோ அவன் பேசவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, எச்சில் தெறிக்க, முழு முகத்தாலும் திட்டினான்.

ஜானவி விலகவில்லை. வண்டிக்கு முன்னால் நின்று அவளும் திட்டத் தொடங்கினாள். தமிழிலா மலையாளத்திலா என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் இறங்கி வந்தான். பின்னால் ஸ்கூட்டர்கள் சேர்ந்தன, கடை வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். சாக்கிலிருந்து உதிர்ந்த வெங்காயச் சருகுகள் இருவருக்கும் நடுவே காற்றில் சுழன்றன. இருவரும் வாயை மூடவில்லை.