ஒளுவோடு கிடந்தவள்

மறைப்புத் துணிக்கு அப்பால் தண்ணீர் விழுகிற சத்தம் நிற்காமல் கேட்டதும், காலிதீனின் வாய் பழக்கத்தில் திறந்துவிட்டது. “போதும் ஹாஜறா” என்று சொல்ல வந்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். உள்ளே கிடந்தது அவர் மனைவிதான். ஆனால் இன்றைக்கு அவளாகக் குளிக்கவில்லை, பெண்கள் அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். விடியச் சுபஹுத் தொழுதுவிட்டுப் பாயிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவள், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே மௌத்தாகிவிட்டாள்.

வீட்டுக் குழாயடிக் கதவுக்கு வெளியே நின்று அவர் கத்தியது கொஞ்சநஞ்சமா! தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவி ஒளு எடுக்கப் போனால் ஹாஜறா இலேசில் திரும்பி வரமாட்டாள். முழங்கை நனைந்ததோ, குதிக்கால் நனைந்ததோ என்று சந்தேகம். கழுவினதையே திரும்பத் திரும்பக் கழுவுவாள். விரல்கள் வெடித்து இரத்தம் கசியும். தண்ணீர் வீணாய்ப் போகுது, தொழுகை நேரமும் போகுது என்று இவர் ஏசுவார். “இந்தா வந்துட்டன்” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். பாவம், பொய் சொல்ல வேண்டுமென்று சொன்னதில்லை, வரத்தான் முடியாது.

ஊர் அதற்கு வஸ்வாஸ் என்று பெயர் வைத்தது. ஷைத்தான் ஊசாட்டம் என்றார்கள், நூல் ஓதிக் கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். கொண்டுவந்த போத்தல் சுத்தமா என்று பார்த்துப் பார்த்தே அவள் அதைக் குடிக்காமல் வைத்துவிட்டாள்.

புருசனும் பெண்சாதியும் தொட்டுக்கொண்டால் ஒளு முறியும் என்பது அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். முறிந்தால் என்ன, திரும்ப எடுத்தால் முடிந்தது. ஹாஜறாவுக்கு அப்படி முடியாது, அரைநாள் போய்விடும். அதனால் அவருடைய சட்டை நுனி பட்டால்கூடப் பதறி ஒதுங்கினாள். தேநீரை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். ஒரு மகளைப் பெற்று வளர்த்த இரண்டு பேர், ஒரே வீட்டுக்குள் விருந்தாளிகள் மாதிரி விலகி விலகி நடந்தார்கள். அவருக்கு அவள் மேல் ஆசை குறைந்ததே இல்லை, அதுதான் கொடுமை.

கடைசியில் மகள் முஸ்பிறாதான் பிடிவாதம் பிடித்து உம்மாவை மனநல டொக்டரிடம் கூட்டிப் போனாள். டொக்டர் தர்சிகா சின்ன வயதுப் பிள்ளை, பொறுமையான பிள்ளை.

“இது பைத்தியமும் இல்ல, உங்கட நம்பிக்கையில குறையும் இல்ல அம்மா,” என்றார். “கதவப் பூட்டினாப் பிறகும் பூட்டல்ல எண்டு மூளை மணியடிச்சிக்கொண்டே இருக்கு. மணி அடிக்கட்டும். எழும்பிப் போகாம இருக்கப் பழகுவம்.”

குளிசை கொடுத்தார், பயிற்சியும் கொடுத்தார். இரண்டுக்கும் மசியாவிட்டால், தலைக்கு வெளியே காந்தத்தை வைத்து மூளையைச் சாந்தப்படுத்துகிற புது வைத்தியமும் வந்திருக்கிறது, கத்தியும் இல்லை, வெட்டும் இல்லை என்று சொன்னார். காந்தம் என்றதும் ஹாஜறா பயந்துபோனாள். நானே பழகிக்கொள்கிறேன் என்று வீட்டுக்கு வந்தவள், சொன்னபடி பழகத்தான் செய்தாள்.

துணி பட்டால் ஒளு முறியாது என்று பள்ளிவாசல் மௌலவி உறுதியாகச் சொன்னார். அதை வைத்துத்தான் டொக்டர் ஒரு பயிற்சி சொன்னார். போன கிழமை அந்தி மஃரிபுக்கும் இரவு இஷாவுக்கும் நடுவில், காலிதீனின் சட்டைக் கை தன் முந்தானையில் பட்டபடி அவள் பாயில் உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் நடுங்கியது. எழும்பவில்லை. அதே ஒளுவோடு இஷாத் தொழுதுவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், கல்யாணப் பெண் தோற்றாள்.

நேற்று மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “நாளைக்கு இஷாத் தொழுதாப் பிறகு என்ட கையப் பிடிங்க. கழுவ ஓடாம இருந்து பாக்கிறன்.”

அந்த நாளைக்குத்தான் இன்றைக்கு.

குளிப்பாட்டி, ஒளுவும் எடுத்துவிட்டு, வெள்ளைக் கபன் துணி உடுத்தி, முகத்தை மட்டும் திறந்து வைத்து, உள் அறையில் கிடத்தினார்கள். காலிதீன் கிட்டப் போய்க் குனிந்து கையை நீட்டினார். ஹாஜறாவின் தங்கை சுல்பிகா குறுக்கே வந்தாள்.

“தொடாதீங்க மச்சான். ராத்தா ஒளுவோட கிடக்கா. உசிரோட இருக்கக்குள்ளயே தாங்கமாட்டா.”

அவள் அன்பில்தான் சொன்னாள். நீட்டிய கை தானாக மடங்கியது. வாசலுக்கு வெளியே நின்ற மௌலவி தொண்டையைச் செருமிக்கொண்டு, மௌத்தான மையித்தின் ஒளு இனி முறியாது, தொடுகிறவருடையதுதான் முறியும், அவர் அவளுக்கான ஜனாஸாத் தொழுகைக்கு முன்னம் திரும்ப எடுத்தால் சரி என்று விளக்கினார். சட்டம் தெளிந்துவிட்டது. ஆனால் காலிதீனுக்குத் தேவைப்பட்டது சட்டமில்லை. அவள் சம்மதிப்பாளா? அதை இனி யாரிடம் போய்க் கேட்பது?

“சாச்சி,” என்றாள் முஸ்பிறா. “உம்மா இண்டைக்கு வாப்பாக்குக் கை தாற எண்டு சொன்ன.”

சுல்பிகா விலகி வழிவிட்டாள். பிறகு குனிந்து, கபன் துணியின் ஒரு மடிப்பை நெகிழ்த்தி விட்டாள்.

கற்பூர மணத்தோடு அந்தக் கை வந்தது. வெடிப்புகள் ஆறத் தொடங்கியிருந்த கை. காலிதீன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தார். அது பதறவில்லை, உருவிக்கொள்ளவில்லை, பேசாமல் கிடந்தது. ஒரு தடவை உருவிக்கொண்டு ஓடு ஹாஜறா, கழுவு, அரைநாள் வேண்டுமானாலும் நின்று கழுவு என்று அவர் நெஞ்சு கெஞ்சியது.

வெளியே சந்தூக்குப் பெட்டியைத் தூக்க ஆட்கள் தயாரானார்கள். அவர் ஒளு எடுக்கக் குழாயடிக்குப் போய், ஹாஜறா வழக்கமாக உட்காரும் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தார்.

கதவுக்கு வெளியே மகள் வந்து நின்றாள்.

“வாப்பா, தண்ணி போகுது.”

“இந்தா வந்துட்டன்,” என்றார் காலிதீன். கை இன்னும் நனையவில்லை.