தலைப்பில் வைத்த ஃபைனல் எக்ஸிட்

துபாய் தேராவில் ஒரு மசாலாக் கடைக்கு மேலே இரண்டு அறை பிடித்து ராஜிக் பாய் நடத்தும் தமிழ்ச் செய்திச் சேனலுக்கு உமாராணிதான் குரல். வளைகுடாவில் எந்தத் தொழிலாளர் கேம்ப்புக்குப் போனாலும் அந்தக் குரலைத் தெரியாதவன் இல்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், கர்வப்பட வேண்டிய குரல்தான்.

அந்த வாரம் ரியாத்தில், பத்தா பக்கம், ஒரு தமிழ்த் தொழிலாளி தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். உமாராணி செய்தியை மட்டும் வாசித்துக் கொடுத்தாள். மற்ற அலங்காரமெல்லாம் பாய் செய்தது. தலைப்பு வைப்பதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்ற நினைப்பு அவருக்கு. சவூதியில் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்புகிறவனுக்குக் கிடைப்பது ஃபைனல் எக்ஸிட். பாய் அந்த வார்த்தையைப் பிடித்து, 'தானே ஃபைனல் எக்ஸிட் அடித்துக்கொண்ட தமிழர்' என்று போட்டார். கூடவே செத்தவருடைய கல்யாணப் படம், அதைச் சுற்றிப் பூ, பின்னால் அழுது வடியும் வயலின். வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது.

"செத்தவரை மாப்பிள்ளை அலங்காரத்துல காட்டாதீங்க பாய்," என்றாள் உமாராணி. "மனசு ஒடிஞ்சு உட்கார்ந்திருக்கிறவன் பார்த்தா, செத்தாத்தான் நமக்கும் மதிப்புன்னு நினைச்சுக்குவான்."

"நியூஸ் பார்த்து எவம்மா சாவான்? நீ ஒண்ணு," என்று பாய் சிரித்தார். அதற்கு மேல் அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் பாய் மதியம் லுகர் தொழுதுவிட்டு வந்ததும் சேனல் வாட்ஸாப்பைத் திறந்தார். சவூதியின் யான்புவிலிருந்து பாண்டித்துரை என்று ஒருவன், தீபாவளிச் சட்டையில் தலைவாரி நிற்கும் படத்தை அனுப்பியிருந்தான். கீழே எழுதியிருந்தான்: 'அக்கா, எனக்கும் ஃபைனல் எக்ஸிட். இந்தப் படத்தைப் போடுங்க. அதே வயலின் வேணும்.'

"ஊருக்குப் போறான்போல," என்றார் பாய். "சாயங்காலம் வாழ்த்துல சேர்த்துடு."

ஊர் திரும்புகிறவர்களுக்குச் சேனலில் நாதஸ்வரத்தோடு வாழ்த்து வாசிப்பது வழக்கம். உமாராணி போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"ஊருக்குப் போறவன் நாதஸ்வரம் கேப்பான் பாய். வயலின் எதுக்குக் கேக்குறான்?"

பாயின் முகம் வெளிறிவிட்டது. தான் வைத்த சிலேடை தன்னையே ஏமாற்றும் என்று அந்த மனுஷன் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். உமாராணி அவருக்காகக் காத்திருக்கவில்லை. அந்த எண்ணை அழைத்து, பாய்க்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

பாண்டித்துரை எடுத்தான். பின்னணியில் இன்னொரு போனில் அவள் குரலே கேட்டது, நேற்று வாசித்த அதே செய்தி.

"தம்பி, நான் உமாராணி. நேராவே கேக்குறேன். சாகணும்னு நினைக்கிறீங்களா?"

பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். இப்படியா கேட்பது என்று அவருக்கு. கேட்டால்தான் வாய் திறக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"ஆமாக்கா," என்றான் அவன். யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவன்போல அடுத்த நொடியே சொன்னான். "ரூம்ல சொல்லிப் பார்த்தேன். ஃபைனல் எக்ஸிட்டுன்னதும் எல்லாரும் கட்டிப்பிடிச்சு வாழ்த்துனாங்க. அவங்கவங்க வீட்டுக்குக் குடுக்கச் சொல்லி பால்பவுடரு, கோடாலித் தைலம்னு அட்டைப்பெட்டி கட்டி வச்சிருக்காங்க. எப்படிக்கா இல்லைன்னு சொல்றது?"

"பெட்டியை அப்புறம் பார்த்துக்கலாம். இப்ப ரூம்ல யாரு இருக்கா?"

"சேதுபதி அண்ணன் டூட்டிக்குக் கிளம்புறாரு."

"போனை அவர்கிட்ட குடுங்க."

உமாராணி சொன்னது சேதுபதிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அந்த ஆள் உடைந்துபோனார். "நான் ரெண்டு பெர்ஃப்யூம் பாட்டில் குடுத்துவிட்டேனேக்கா," என்றார்.

"இன்னிக்கு டூட்டி வேண்டாம். அவர் பக்கத்தைவிட்டு நகராதீங்க. ஆஸ்பத்திரிக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க. அங்க சங்கடப்படாம விஷயத்தை அப்படியே சொல்லுங்க."

"இந்தா கிளம்பிட்டோம்க்கா."

போன் மறுபடி பாண்டித்துரை கைக்குப் போனது. "அக்கா, அந்த ரியாத் அண்ணனுக்கு கமெண்ட்ல எத்தனை பேரு அழுதிருக்காங்க பார்த்தீங்களா? நான் அனுப்புன படம் நல்லாருக்குல்ல? எனக்கும் அந்த மாதிரிப் பூ வைப்பீங்களா?"

உமாராணி பாயைப் பார்த்தாள். பாய் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அந்த வீடியோவைத் தன் கையாலேயே அழித்தார்.

யான்புவில் ஓடிக்கொண்டிருந்த குரல் கடைசிவரை ஓடி முடிந்தது. பாண்டித்துரை மறுபடி போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

"அக்கா, வீடியோ வரமாட்டேங்குது."

"இனி வராது தம்பி. எடுத்தாச்சு. நீங்க சொல்லுங்க, நாங்க கேக்குறோம்."

பாண்டித்துரை வாய்விட்டு அழ ஆரம்பித்தான். நடுவில் சேதுபதியின் குரல், "செருப்பைப் போடுறா, நான் பிடிச்சுக்கிறேன்," என்றது. உமாராணி போனை வைக்கவே இல்லை.