உடல் வயது நாற்பத்துமூன்று

காலை ஆறே காலுக்கே ஊசிக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அந்த இளமை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள் அவள் ஒருத்திதான்; அதனால் எல்லோருக்கும் அவள் 'ஊசி'. எதிரே நாற்காலியில் கையை நீட்டியிருந்தவளுக்கு வயது இருபத்தாறு. போன தடவை ரத்தத்தை வைத்துக் கணக்கிட்ட உடல் வயது இருபத்தொன்பது என்று வந்துவிட்டதாம், மூன்று வருஷம் எங்கே போச்சு என்று இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அவளுக்குப் பின்னால் இன்னும் ஒன்பது பேர், வெறும் வயிற்றோடு, ஆளுக்கொரு பெரிய தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கும் ஒரு நோயும் கிடையாது. முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், சாகக் கிடந்தவர்கள்கூட இவ்வளவு அழுது அவள் பார்த்ததில்லை.

நிலையத்தை நடத்தும் டாக்டருக்கு அந்த மாதம் ஒரு புது யோசனை உதித்திருந்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் அதே பரிசோதனை. முடிவைச் சட்டையில் அட்டையாகக் குத்திக்கொள்ள வேண்டும். மேலே வயது, கீழே உடல் வயது. டாக்டர் முதல் ஆளாகக் குத்திக்கொண்டார்: வயது ஐம்பத்துநாலு, உடல் வயது முப்பத்தெட்டு. அவள் வேலைக்குச் சேர்ந்த நாலு வருஷத்தில் அந்தக் கையில் ஊசி ஒரு தடவைகூடக் குத்தியதில்லை. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவர்களுக்கு மதி எங்கே போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று அவளுடைய முடிவும் வந்தது. வயது இருபத்தெட்டு. உடல் வயது நாற்பத்துமூன்று.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு மறுபடி படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, சீப்பில் கொத்தாக வருகிற முடி, மகளைத் தூக்கினால் விட்டுப்போகிற இடுப்பு, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. அவளுடைய அம்மா நாற்பத்தெட்டில் போய்ச் சேர்ந்தவள். இன்னும் அஞ்சு வருஷமா என்று கணக்குப் போட்டாள். மகளுக்கு நாலு வயதுதான் ஆகிறது.

தாளை எடுத்துக்கொண்டு நேரே டாக்டரிடம் போனாள்.

"தூக்கம் போதலைன்னு நீங்கதான் சார் இதுல எழுதியிருக்கீங்க. வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வர்றதே ராத்திரி பதினொண்ணுக்கு. அதுக்கப்புறம் எனக்கு நாலு மணி நேரம் தூங்கக் கிடைச்சா அதிகம். காலைல ஆறு மணிக்குப் பதிலா எட்டு மணி ஷிஃப்ட் குடுங்க சார், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"இது வாழ்க்கை முறை சம்பந்தப்பட்டதும்மா. ஷிஃப்ட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவர் முகம் அவளுக்காக வாடவில்லை. அட்டையை நினைத்துத்தான் வாடியது. கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பிறகு, பெரிய கண்டுபிடிப்பு செய்தவர்போல் நிமிர்ந்தார்.

"ரெண்டும் உன் நம்பர்தானே? மேல இருக்கறதைக் கீழ போடு, கீழ இருக்கறதை மேல போடு. ஒரு மாசம் மாட்டிக்கிட்டு நில்லு. எட்டு மணி ஷிஃப்ட்டைப் பார்த்துக்கலாம்."

வயது நாற்பத்துமூன்று. உடல் வயது இருபத்தெட்டு. த்தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அந்த ஆளின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு மணி நேரத் தூக்கத்துக்காக அட்டையை வாங்கி அவளே குத்திக்கொண்டாள். அவரைக் காறித் துப்ப நினைத்ததில் பாதியைத் தனக்கும் வைத்துக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் கூட்டம் இரட்டிப்பானது. "அந்த நாற்பத்துமூணு அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். கன்னத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்றுகூட ஒருத்தி கேட்டாள். மாதம் முடிந்த அன்று ஊசி டாக்டர் அறை வாசலில் போய் நின்றாள்.

"நீ எட்டு மணிக்கு வந்தா, ஆறு மணிக்கு வர்றவங்க யாரைப் பார்ப்பாங்க? அவங்க வர்றதே உன்னைப் பார்க்கத்தாம்மா" என்றார் டாக்டர், பாராட்டுகிற குரலில்.

திரும்பி வந்து கையுறையை மாட்டினாள். நாற்காலியில் புதுப் பெண் ஒருத்தி, இருபத்துநாலு இருக்கும், தளதளவென்று உட்கார்ந்திருந்தாள். அவள் கண் ஊசியின் அட்டையிலேயே இருந்தது. ஊசி ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டினாள். மனசில் இருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"இதை நம்பாதீங்க. மாத்திப் போட்டிருக்காங்க. எனக்கு இருபத்தெட்டு வயசுதான்."

"அதைத்தான்கா நானும் சொல்றேன்! இருபத்தெட்டுக்கு மேல ஒரு நாள் சொல்ல முடியாது!"

"ஐயோ, நிஜமாவே இருபத்தெட்டும்மா."

"மனசுலயும் அப்படியே நினைக்கிறீங்க பாருங்க, அங்கதான் இருக்கு விஷயம்." பெண் மறு கையில் ஃபோனை எடுத்துக் கட்டைவிரலைத் தயாராக வைத்தாள். "காலைல எத்தனை மணிக்குக்கா எழுந்திரிப்பீங்க?"

ஊசி அவளையே பார்த்தாள். இதற்குமேல் இந்த ஜன்மத்துக்கு எந்த மொழியில் சொல்வது?

"மூணே முக்கால்."

"அப்புறம் சாப்பாடு?"

"பதினோரு மணி வரைக்கும் ஒண்ணும் கிடையாது. நேரம் இருக்காது."

"நினைச்சேன்! உடற்பயிற்சி?"

"முதல் பஸ்ஸுக்கு ஓடுவேன். விட்டுட்டா நடப்பேன்."

"சாயங்காலம்?"

"துணி துவைப்பேன். பாத்திரம் கழுவுவேன். நின்னுக்கிட்டே ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்குவேன்."

ஒன்று விடாமல் பெண் தட்டிக்கொண்டே வந்தாள். ஊசி நரம்பில் இறங்கியது. அவளுக்கு வலிக்கவே இல்லை போலிருக்கிறது, முகம் அப்படி மலர்ந்து கிடந்தது. குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் அலாரத்தைத் திறந்து, ஏழு மணியை அழித்துவிட்டு, கட்டைவிரலால் எண்களை ஒவ்வொன்றாகக் கீழே உருட்டி மூணே முக்காலில் நிறுத்தினாள். பிறகு திரையை ஊசியின் பக்கம் திருப்பி, சரிதானே என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள்.