அம்மா சேர்த்துச் சொன்னது

அம்மா போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் அம்மாவின் கூடத்தில் உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசுவது என்று பெரியண்ணன் முடிவு செய்தார். அதோடு நிற்காமல், தான் பேசப்போவதை ஒரு தாளில் எழுதி, அம்மாவோடு கடைசிவரை இருந்த கடைசித் தங்கையிடம் காட்டினார். படித்ததிலிருந்து கடைக்குட்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தாளின் கடைசி இரண்டு வரிதான் வில்லங்கம். ‘எனக்குத் தெரிந்த தொழிலெல்லாம் அண்ணன் கையிலிருந்து வந்தது என்று தம்பி அம்மாவிடம் சொன்னானாம். அன்றே என் மனக்குறை தீர்ந்தது.’

சின்னண்ணன் அப்படிச் சொல்லவே இல்லை. அவன் சொன்னது, “அவரு பேச்சை எடுத்தா போனை வெச்சிடுவேன்.” கடைக்குட்டிக்குத் தெரியும். அம்மாவுக்குக் கண் மங்கியபின் தினமும் போனில் எண்களை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

பதினொரு வருஷத்துக்கு முன் பெரியண்ணனின் அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சானது. மாப்பிள்ளை பெயரும் மாமனார் பெயரும் இடம் மாறிவிட்டன. ஆயிரம் பிரதி. எழுத்தை அமைத்தவன் தம்பி. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் அண்ணன். ஊரே சிரித்தது. வேலையாட்கள் முன்னால் அண்ணன், “வெளிய போடா” என்றார். போனவன் பெயர்ப்பலகைக் கடை வைத்தான். அதன்பின் இருவருக்கும் நேர்ப்பேச்சு இல்லை. விசேஷங்களில் தலையாட்டிக்கொள்வார்கள். மற்றதெல்லாம் அம்மா வழியாகத்தான்.

அம்மா கொடுத்தே பழகியவள். பிரசவத்துக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் தரையில் படுத்தவள். போர்வை நன்றாயிருக்கிறது என்று யாராவது சொன்னால் மடித்துக் கையில் வைத்துவிடுவாள். ‘உள்ள வந்து எதையும் நல்லாருக்குன்னு சொல்லிடாதீங்க’ என்று பிள்ளைகள் விருந்தாளிகளை வாசலிலேயே எச்சரிப்பார்கள். எண்பத்தாறு வயதில் கொடுக்கப் பொருள் எதுவும் மிஞ்சவில்லை. வாய்தான் மிச்சம்.

“ஏம்மா, அவன் அப்படிச் சொல்லவே இல்லையே?” என்று, அம்மா பெரியண்ணனிடம் பேசி முடித்ததும் கடைக்குட்டி ஒருமுறை கேட்டாள்.

“சொல்லத் தெரியாதவன். அவனுக்கும் சேர்த்து நான் சொல்றேன். உனக்கென்ன, நீ அடுத்த நம்பரைப் போடு.”

அவளும் போட்டாள். இப்போது சின்னண்ணன் எழுந்து ‘நான் எப்போ சொன்னேன்?’ என்று கேட்டால் போதும். அம்மாவை நினைவுகூரக் கூடியிருக்கும் சபையிலேயே அம்மா பொய்க்காரி ஆகிவிடுவாள். நூலிழையில் நிற்கிற சமாதானமும் அறுந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்காலிகளை மூன்று தரம் மாற்றிப் போட்டாள். சின்னண்ணனை ஜன்னலோரம் அனுப்பினாள். வெயில் படுகிறது என்று அவன் முன்வரிசைக்கே வந்துவிட்டான். ஒவ்வொருவராகப் பேசினார்கள், அழுதார்கள், கட்டில் கதைக்குச் சிரித்தார்கள். பெரியண்ணன் தாளைப் பிரித்தபோது அவள் தேநீர்த் தட்டோடு நடுவில் புகுந்தாள்.

“டீ எங்கயும் ஓடிடாது. உக்காரு குட்டி” என்றார் அவர்.

படித்தார். கடைசி இரண்டு வரிக்கு வந்தபோது கூடத்தில் எல்லாரும் முன்வரிசையைப் பார்த்தார்கள். சின்னண்ணன் தலை நிமிர்ந்தான். அண்ணனைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தான். பிறகு எழுந்து மாடிப்படிப் பக்கம் போய்விட்டான்.

கடைக்குட்டி தட்டை யார் மடியிலோ வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். அவன் மூன்றாம் படியில் உட்கார்ந்திருந்தான்.

“நான் அப்படிச் சொன்னேனா?”

“இல்ல.”

“அப்போ, பத்திரிகையில விழுந்த தப்பு தன் மேலதான்னு அவரு சொன்னாருன்னு அம்மா சொன்னாங்களே, அது?”

கூசிப்போய்ச் சொன்னாள். “அதுவும் இல்ல, சின்னண்ணே.”

அவன் கைப்பிடிக் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே இருந்தான்.

“அப்போ இத்தனை வருஷமா நான் யார்கூட சமாதானமா இருந்தேன்?”

“அம்மாகூட.”

“கெழவி!” என்றான். திட்டா, அழுகையா என்று தெரியவில்லை. “நீயும் கூட்டு. தெனமும் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு, அமுக்கமா இருந்திருக்கே. மருந்துக்கடையில வேலை பாக்கறவ, இந்த மருந்து காலாவதியாகும்னு தெரியாதா உனக்கு?”

அவன் சொன்னது நியாயம்தான். பாவம் செய்தவள் மாதிரி நின்றாள்.

அதற்குள் பெரியண்ணனே வந்துவிட்டார். கையில் தாள் கசங்கியிருந்தது. அச்சகத்தில் ஆட்களை உருட்டி மிரட்டும் மனிதர், இரண்டு படி கீழேயே நின்றுவிட்டார்.

“என்னடா, ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?”

பதினொரு வருஷத்தில் நேராகக் கேட்ட முதல் கேள்வி. சின்னண்ணன் தாளைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், பிறகு அண்ணனின் காலைப் பார்த்தான்.

“தப்பில்லண்ணே. ஆனா அம்மா சுருக்கிட்டாங்க. நான் சொன்னது இன்னும் நீளம்.”

“நீளமாவா? என்னடா சொன்னே?”

அவன் தொண்டையைச் செருமினான். தடுமாறினான்.

“அது… ரெண்டு எழுத்துக்கு நடுவுல எவ்வளவு எடம் விடணும்னு நீங்கதான் காட்டினீங்க. தலைகீழாப் பிடிச்சுப் பாருடா, சாஞ்சிருந்தா தெரியும்னீங்க. இன்னிக்கும் பலகையைத் தலைகீழா நிறுத்தித்தான் பாக்கறேன். அப்புறம் கறுப்பு மையில ஒரு சொட்டு நீலம் விட்டா இன்னும் அழுத்தமாத் தெரியும்னு… கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பேரை மட்டும் கடைசியிலேர்ந்து படிக்கணும்னும் சொன்னீங்க…”

“அன்னிக்கு நானே அப்படிப் படிக்கலையேடா” என்றார் பெரியண்ணன். மெதுவாக அவன் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்.

உள்ளிருந்து யாரோ, தேநீர் ஆறுகிறது என்று கடைக்குட்டியைக் கூப்பிட்டார்கள். அவள் நகரவில்லை. இத்தனை வருஷம் ஒவ்வொரு பேச்சிலும் எது நிஜம், எது அம்மா சேர்த்தது என்று பிரித்துச் சொல்லக்கூடியவளாக இருந்தாள். சின்னண்ணன் விரல் மடக்கி அடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொன்னதில் எது நிஜம், எது சேர்த்தது என்று இப்போது அவளால் பிரிக்க முடியவில்லை.