குப்பிக்குள் இருந்த பெயர்

1

இந்தக் கதை ஒரு மனுவாகத்தான் தொடங்கியது. மனுவை எழுதிக்கொண்டிருந்தவன் நான். அதை முடிக்க முடியாததால் இதை எழுதுகிறேன்.

போருக்குப் போய்த் திரும்பியவர்களுக்கு நோய் உதவித்தொகை மனு எழுதிக் கொடுப்பது எங்கள் ஊராட்சியில் பதினோரு வருடமாக என் வேலை. இதுவரை அறுபத்துமூன்று மனுக்கள். ஒவ்வொன்றும் "நான்" என்று தொடங்கும். போர் முடிந்தபோது எனக்கு ஒன்பது வயது. எந்தக் காட்டுக்கும் போனதில்லை. ஆனாலும் காகிதத்தில் அறுபத்துமூன்று முறை விமானம் நஞ்சு தெளித்தபடி என் தலைக்கு மேல் தாழப் பறந்திருக்கிறது. அத்தனை முறையும் நான் நனைந்திருக்கிறேன்.

அறுபத்துநான்காவது "நான்" கியெம் அண்ணன்.

முதல் தொடக்கத்தை இப்படி எழுதினேன்: "1969 ஆறாம் மாதம், அ லூயிப் பள்ளத்தாக்கில், நான்

(அந்த வாக்கியம் "இறந்துபோனேன்" என்றுதான் முடிய வேண்டியிருந்தது. கையில் இருந்த ஒரே காகிதம் அப்படித்தான் சொன்னது. விட்டுவிட்டேன்.)

2

கியெம் அண்ணனுக்கு எழுபத்துமூன்று வயது. வலது கை ஓயாமல் நடுங்கும். தேநீர்க் கிண்ணத்தைத் தூக்கினால் பாதி மேசைக்குத்தான். போரில் காட்டு இலைகளை உதிர்க்க விமானத்திலிருந்து தெளித்த ஆரஞ்சு நஞ்சால் வரும் நோய்களின் பட்டியலில் இந்த நடுக்குவாதமும் உண்டு. ஆனால் நோய் பட்டியலில் இருந்தால் போதாது. நஞ்சு தெளித்த இடத்தில் ஆள் இருந்தார் என்பதற்குக் காகிதம் வேண்டும். அவருடைய காகிதங்கள் ஒரு குண்டுவீச்சில் எரிந்துவிட்டன. சாட்சி சொல்லக்கூடிய தோழர்கள் ஒருவர்கூட உயிரோடு இல்லை. மிஞ்சியது, அவர் இறந்துவிட்டார் என்று அன்று வீட்டுக்கு வந்த அறிவிப்பு மட்டும். அவர் மனைவி லுவா அண்ணி அதைப் படையல் மேடையில் ஊதுவத்திக் கிண்ணத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார்.

மாவட்ட அலுவலகத்தில் தியெம் என்ற பெண் அதை இரண்டு முறை படித்தாள்.

"பெரியப்பா, இதுல நீங்க செத்துட்டீங்கன்னு போட்டிருக்கே."

"அது தப்பும்மா."

"அ லூயியில இருந்தீங்கன்னும் போட்டிருக்கு. அதுவும் தப்பா?"

"அது சரி."

"ஒரே காகிதத்துல பாதி சரி, பாதி தப்புன்னா நான் எந்தப் பாதியில முத்திரை குத்துறது?"

லுவா அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "அஞ்சு வருஷம் இந்த மனுஷன் படத்துக்குக் கோழி அடிச்சுப் படையல் போட்டேன். ஆறாவது வருஷம் படையல் அன்னிக்கே வாசல்ல வந்து நின்னாரு. அந்தக் கோழியை இவரே உக்காந்து தின்னாரு. செத்தவன் கால் எலும்பைக் கடிச்சுத் துப்புவானா? நீயே சொல்லும்மா!"

தியெம் சிரித்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. "கோழி உப்பு கரிச்சுது" என்றார்.

திரும்பும் வழியில் அண்ணி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இதை மனுவுல எழுதிடாத. வருஷா வருஷம் அந்தப் படையல் நாள் மட்டும் இவரு சட்டை கொடியில காயுறதே இல்ல. வெயில் கொளுத்தும். மத்ததெல்லாம் காஞ்சுடும்."

மனுவில் எழுதவில்லை. இங்கே எழுதியிருக்கிறேன்.

2 (மறுபடியும்)

கியெம் அண்ணனை நான் சந்தேகித்த நாள்களும் உண்டு. வந்து நின்றவர் யார் என்று

(வேண்டாம். அடித்துவிட்டேன்.)

3

படைக்குப் போனவர்கள் ஆளுக்கொரு பென்சிலின் குப்பியைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். உள்ளே ஒரு துண்டுச்சீட்டு: பெயர், ஊர், படைப்பிரிவு, இருக்கும் இடம். ரப்பர் மூடியை இறுக்கினால் தண்ணீர் புகாது. செத்தால் புதைக்கிறவர்கள் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, குப்பியைப் பிணத்தோடு வைத்துவிடுவார்கள்.*

அன்று நடுப்பகலில் விமானம் தெளித்துவிட்டுப் போனது. எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு மழை. அதற்கு முன் தெளித்த பக்கத்தில் காற்றே இல்லாமல் இலைகள் கொட்டிக்கொண்டிருந்தன. என்றைக்கும் இருட்டாக இருக்கும் காட்டுக்குள் வெளிச்சம் வந்தது. மலேரியாவில் நடுங்கிக்கொண்டிருந்த தோழன் வின் தொப்பலாக நனைந்திருந்தான்.

"என் மூட்டைக்குள்ள காஞ்ச சட்டை ஒண்ணு இருக்கு. போட்டுக்கடா" என்றார் கியெம்.

"அப்ப உனக்கு?"

"என் உடம்புலயே காஞ்சுடும்."

அந்தக் காய்ந்த சட்டையின் பையில்தான் கியெமின் குப்பி இருந்தது. இருவருக்குமே நினைவில்லை. சாயங்காலம் குண்டு விழுந்தது. காயம்பட்ட கியெமைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வின்னை அங்கேயே புதைத்தார்கள், கியெம் என்று.

* தன் குப்பிச் சீட்டு, வின்னின் குப்பிச் சீட்டு இரண்டையும் எழுதியது கியெம் அண்ணன்தான். வின்னின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்குமாம்.

4

அந்த எலும்புகள் பின்னால் மாவட்டக் கல்லறைக்கு வந்தன. கியெம் உயிரோடு வந்துவிட்டதால் கல்லில் "பெயர் தெரியாதவர்" என்று பொறித்தார்கள். வின்னின் அக்காவுக்கு வயது எண்பத்தொன்று. வடக்கே, தம்பியின் எலும்பாவது வராதா என்று காத்திருக்கிறார். குழிக்குள் இருக்கும் குப்பிச் சீட்டை எழுதியது கியெம் அண்ணன்தான் என்று காட்டிவிட்டால், அவர் அங்கே இருந்ததும் செத்தது வின் என்பதும் உறுதியாகும். ஆகவே இந்த மனு வென்றால் இரண்டு காரியம் நடக்கும். அண்ணனுக்கு மருந்து கிடைக்கும். வின் வீட்டுக்குப் போவான்.

காலை எட்டு மணிக்குக் கல்லறையைத் திறந்தார்கள். குப்பி இருந்தது. மூடி கறுத்திருந்தாலும் சீட்டு காய்ந்தே இருந்தது. கியெம், ஊர், படைப்பிரிவு, அ லூயி.

தியெம் வெள்ளைத்தாளை நீட்டினாள். "இந்த எழுத்து உங்களோடதுன்னு காட்டிட்டா முடிஞ்சுது பெரியப்பா. இதுல இருக்கிறதையே எழுதுங்க."

அண்ணன் எழுதினார். பூரான் ஊர்ந்தது போலக் கோடு போனது. மறுபடி எழுதினார். அதே பூரான்.

"மனசுல எனக்குத் தெரியுது பெரியப்பா. மனசுக்கு முத்திரை கிடையாதே."

எந்த நோய்க்காகக் கேட்கிறாரோ அந்த நோயே கையெழுத்தைத் தின்றுவிட்டது. கதையை நான் இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் அண்ணன் தாளைத் திருப்பிப் போட்டார். கை நின்றது. ஒரு நடுக்கமும் இல்லாமல் எழுதினார்: வின், ஊர், படைப்பிரிவு, அ லூயி. சீட்டில் இருந்த அதே எழுத்து. அதே சாய்வு.

"எப்படிண்ணே?" என்றேன்.

அவர் தன் கையைப் பக்கத்து வீட்டுக்காரன் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "எனக்குக் குளிருது தம்பி."

உச்சி வெயில் வரப்போகிற நேரம். அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். வியர்வை இப்படிப் பிசுபிசுக்காது.

தியெம் சீட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "கை இதுதான். பேருதான் வேற. இதை அனுப்பினா, எழுதினவரு வின்னுன்னுதான் மேலிடத்துல சொல்வாங்க. அப்ப செத்தது கியெம். உங்க பேரை ஒரே ஒரு தடவை இப்படி எழுதிக் குடுங்க. மாசக் கடைசிக்குள்ள."

5

முடிவு ஒன்று: அண்ணனின் பழைய எழுத்தைப் பார்த்து நானே எழுதிவிடுவது. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன் நான். நேற்றுக் காலை உட்கார்ந்தேன். என் கைக்கு ஒரு நோயும் இல்லை. "கியெம்" என்று எழுதத் தொடங்கினேன், பூரான் ஊர்ந்தது. நான்கு தாள்கள். ஐந்தாவது தாளில், எழுத நினைக்காமலே, ஒரு பெயர் அழகாக வந்து உட்கார்ந்தது. அது எந்தப் பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

முடிவு இரண்டு: வின்னின் அக்கா வந்து

(அவர் வருவதற்கும் அந்தக் கையெழுத்துத்தான் வேண்டும்.)

ஆகவே மனுவின் கடைசிப் பத்தியை அப்படியே இங்கே இறக்குகிறேன்.

"மேலே சொன்னவை யாவும் உண்மை. அன்று அங்கே நனைந்தவன் நான். பொய் என்றால் தண்டனைக்குக் கட்டுப்படுகிறேன்.

கையெழுத்து: ..............................."

இதை எழுத இன்னொரு கை வேண்டும். இதுவரை படித்து வந்த நீங்கள்தான் மிச்சம். கியெம் என்று எழுதுங்கள். ஒரே ஒரு முறை, நடுங்காமல்.

பேனாவை எடுப்பதற்கு முன் உங்கள் சட்டையை ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.