ஈசிகேலியின் முளைகள்

நில அளவையாளர் கழகம் ஈசிகேலி தவுவோலியின் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்த மறுநாள் காலை, அவர் லம்பாசா ஊரில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அடித்த எல்லை முளைகள் எல்லாம் மண்ணைவிட்டுக் கிளம்பி அவர் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டன. கரும்புக்காட்டு முளைகள் சேற்றோடு வந்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கத்தவை பாலம் வழியாக வந்தன. சர்க்கரை ஆலைக்குப் போகும் லாரிகள் கொஞ்ச நேரம் நின்றன, ஓட்டுநர்கள் ஹாரன் அடித்தார்கள், அவ்வளவுதான். அன்று தக்காளி விலையும் ஏறியிருந்ததால் சந்தையில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

நீக்கிய காரணம் எளிது. உறுப்பினர்கள் வருஷா வருஷம் இத்தனை மணி நேரம் பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும். தூங்கலாம், கையெழுத்துதான் முக்கியம். அந்த வருஷம் ஈசிகேலி ஆஸ்பத்திரியில், சாகக் கிடந்த மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வகுப்புக்கு வராததை மன்னித்துவிடலாம் என்று செயற்குழுவில் பாதிப் பேர் சொன்னார்கள், கூடாது என்று பாதிப் பேர். முடிவு தலைவர் பர்மேஷ் லாலின் ஓட்டுக்கு வந்தது. பர்மேஷ் இளவயதில் ஈசிகேலியோடு ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே சட்டியில் மரவள்ளி அவித்துத் தின்று, மலையெல்லாம் அளவுச் சங்கிலி இழுத்தவர். சிநேகிதனுக்குச் சலுகை காட்டினான் என்ற பேர் வந்துவிடக் கூடாதே என்று, நீக்குவதற்குக் கை தூக்கினார். மேல்முறையீட்டுக்கு விதியில் இடம் இருந்தது. ஈசிகேலி கோபத்தில் ஒரு கடுதாசி எழுதுவான், உடனே ஏற்றுக்கொண்டுவிடலாம், விதியும் பிழைக்கும் நட்பும் பிழைக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. ஈசிகேலி எழுதவில்லை. தூண்டிலை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விட்டார்.

மேல்முறையீட்டுக் கெடு முடிந்ததும், மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கொண்டுபோகிற மாதிரி, இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர் ஒரு கட்டோடு பர்மேஷ் போனார். முற்றத்தில் முளைகள் வழிவிட்டன.

“ஒரே ஒரு கடுதாசி மச்சான். தேதியை நான் பாத்துக்கறேன்.”

“யாருக்கு எழுதணும்?”

“தலைவருக்கு.”

“அந்த ஐயாவ எனக்குப் பழக்கமில்லையே. பர்மேஷ்னு ஒருத்தன் இருந்தான். குளவியப் பாத்தா ஆத்துல முங்கிட்டு, போயிடுச்சா போயிடுச்சான்னு மூக்க மட்டும் வெளிய நீட்டுவான். அவனா இப்ப தலைவரு?”

பர்மேஷ் வேர்க்கட்டை முன்னால் வைத்தார். ஈசிகேலி தொடவில்லை. தொட்டால் மன்னித்ததாக ஆகிவிடும்.

“கோரம் வச்சுத்தானே என்னைய நீக்குனீங்க? கோரம் வச்சே சேருங்க. அன்னிக்குக் கரைச்சுக் குடிப்போம். போறப்ப இதுங்களயும் கூட்டிட்டுப் போ, மழை வந்தா உள்ள வந்து படுத்துக்குதுங்க.”

நீக்கப்பட்டவரைத் திரும்பச் சேர்ப்பது பொதுக்குழுவின் வேலை. அதற்கு உறுப்பினர்களில் பாதிக்கு மேல் நேரில் வந்தாக வேண்டும், அந்தத் தலைக்கணக்குக்குப் பேர்தான் கோரம். பர்மேஷ் கூட்டம் போட்டார், யாரும் வரவில்லை. முளை போன ஊரில் எவன் வீட்டைவிட்டு நகர்ந்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்தினான். அளவையாளர்களும் அவரவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேறு ஆட்கள் புதிதாக முளை அடித்துப் பார்த்தார்கள். விடிந்தால் அதுவும் ஈசிகேலி வீட்டில் இருந்தது. பதிலாள் அனுப்பி ஓட்டுப் போடலாம் என்றால், அதை ஒழித்த திருத்தத்தைக் கொண்டுவந்தவரே பர்மேஷ்தான். அந்தத் திருத்தத்தைத் திருத்தவும் பொதுக்குழு கூட வேண்டும். இப்படியே வருஷங்கள் போயின. ஒவ்வொரு வருஷமும் காலி நாற்காலிகளுக்கு முன்னால் செயலாளர் மெரேசெய்னி எழுந்து, “கோரம் இல்ல தலைவரே” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைப்பாள். திரும்பக் கொண்டுவந்த வேர்க்கட்டு பர்மேஷின் பரண் மேல் காய்ந்துகொண்டிருந்தது.

ஒரு கரும்பு வெட்டும் பருவத்தில் ஈசிகேலி இறந்துபோனார். ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. நகர்த்த ஆள் இல்லாததால் அன்றைக்கு வேலிகள் எல்லாம் நகராமல் நின்றன. முளைகள் சவப்பெட்டிக்குப் பின்னால் வரிசை கலையாமல் வந்தன. மண் தள்ளி முடித்தபோது, பழக்கதோஷத்தில் தலை எண்ணிக்கொண்டிருந்த மெரேசெய்னி பர்மேஷின் காதில் சொன்னாள்:

“தலைவரே, கோரம் இருக்கு.”

“எங்க?”

“இங்கதான். எல்லாரும் வந்திருக்காங்க.”

பர்மேஷ் குழிமேட்டின் பக்கத்தில் நின்று கூட்டத்தைத் தொடங்கினார். தீர்மானத்தை மெரேசெய்னி படித்தாள். எதிர்ப்பு இல்லை. ஈசிகேலி தவுவோலி மறுபடியும் உறுப்பினர் ஆனார். பரணிலிருந்த வேரை எடுத்துவரச் சொல்லி, இடித்துக் கரைத்தார்கள். முதல் சிரட்டையை மண்ணில் ஊற்றிவிட்டு அடுத்ததை பர்மேஷ் குடித்தார். பழைய வேர், ரொம்பக் கசந்தது என்று குடித்தவர்கள் சொன்னார்கள்.

இனி முளைகள் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும் என்று ஊர் எதிர்பார்த்தது. அவை திரும்பவில்லை. கல்லறையைச் சுற்றி இறங்கி நின்றுகொண்டன. லம்பாசாவில் இன்றைக்கும் தகராறு இல்லாத எல்லை அது ஒன்றுதான். மற்றபடி, வேலி எங்கே நிற்கிறது என்று காலையில் எழுந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போக ஊர் பழகிவிட்டது. கழகத்தின் வருடாந்தரக் கூட்டம் கல்லறைத் தோட்டத்தில் நடக்கிறது, கோரத்துக்குக் குறைவில்லை.

அந்த எல்லைக்குள் ஒரு பக்கம் ஈசிகேலியின் மனைவி, நடுவில் ஈசிகேலி. இன்னொரு பக்கம், கூடாரத்தில் படுக்கிற அளவுக்கு, ஓர் ஆளுக்கு இடம் விட்டு முளைகள் நிற்கின்றன. பர்மேஷ் சாயங்காலங்களில் போய் அங்கே உட்காருகிறார். அளவு சரியாக இருக்கிறது என்கிறார். அவர் வீட்டில் செத்தவர்களைப் புதைப்பதில்லை, எரிப்பதுதான் வழக்கம். அதை முளைகளிடம் யாரும் சொல்லவில்லை.